ஆள் இருக்கிற வீட்டுக்கு ஒட்டிய நோட்டீஸ்

எங்கள் தெருவில் ஆள் இல்லாத வீட்டு வாசலில் தினமும் கோலம் இருக்கும். ஆள் இருக்கிற என் வீட்டு வாசலில் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நேர்ந்த வம்பெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஊர் பெரிய ஊர் இல்லை. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் வரும். ஏரிக்கரைக்குக் கீழே நாலைந்து தெருக்கள். அதில் என் தெரு பழையது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல், ஒரே சுவரை இரண்டு பக்கத்துக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டு கட்டிய நாட்டு ஓட்டு வீடுகள். கட்டியவர்கள் ஒற்றுமையாக இருந்திருப்பார்கள் போல. இப்போது அதில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதியில் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற வாடகைக்காரர்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் ஓடுவார்கள், திரும்பி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் கண்டக்டர். என் சர்வீசில் பெரும்பகுதி உத்திரமேரூர்–சாலவாக்கம் டவுன் பஸ்ஸிலேயே போயிற்று. விடிவதற்கு முன்னால் போவேன், இருட்டிய பிறகு வருவேன். தெருவில் யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும். சாப்பாடு போடும்போது சொல்வாள், நான் தலையாட்டுவேன். ரிட்டயர் ஆன மறு வருஷமே அவள் போய்ச் சேர்ந்தாள். அதோடு தெருவுக்கும் எனக்கும் இருந்த பேச்சும் நின்றுவிட்டது.

நாள் முழுக்க "உள்ள போ, படியில நிக்காத, சில்லறை எடு" என்று கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை இது. வண்டியை நிறுத்த நான் "ஹோல்டான்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் டிரைவர் மட்டுமில்லை, ரோட்டில் போகிற மாடும் நிற்கும் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அந்தத் தொண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில நாள் சாயங்காலம் பாய் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது குரல் கரகரவென்று வரும். அப்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று பேரும் சென்னையில். விற்கலாம் என்று ஒருவன் சொன்னால் வேண்டாம் என்று இன்னொருவன் சொல்வான். பாகம் பிரிகிற வரையில் பூட்டு. பாகம் பிரியவில்லை, கூரை பிரிந்தது. பின்பக்கம் ஓடு சரிந்து, விட்டம் உளுத்து, அதன் பாரமெல்லாம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் மேல் சாய்ந்தது. சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்து மரமாகவே ஆகிவிட்டது. சுவர் என் பக்கம் வயிறு தள்ளி நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பொடிப்பொடியாக மண் உதிரும்.

சுவர் நகர நகர என் வாசல்கால் முறுக்கிக்கொண்டது. கதவு சட்டத்தில் உட்காராது, தாழ்ப்பாள் துளைக்கு எட்டாது. ஆடு முட்டித் திறந்து உள்ளே வந்து கூடத்தில் புழுக்கை போட்டுவிட்டுப் போகும். சங்கிலி போட்டு வெளிப்பக்கம் ஒரு பூட்டைத் தொங்கவிட்டேன். பின்கட்டு அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு, போக வர எல்லாம் கொல்லைக் கதவு வழியாக என்று ஆயிற்று. முன்வாசலில் சருகு சேர்ந்தது. எவன் பெருக்குவான்?

அந்தப் பாழடைந்த வீட்டு வாசலோ பளிச்சென்று இருக்கும். அங்கே ஓர் அம்மா காலையில் இட்லிக் கடை போடுவார். ஏரிக்கு அந்தாண்டை காலனியிலிருந்து வருகிறவர். முட்டி தேய்கிற வரையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். அது முடியாமல் போனதும் அடுப்போடு இங்கே வந்து உட்கார்ந்தார். கேட்க ஆள் இல்லாத வீடு, வாடகை கிடையாது. ஆனால் வந்ததும் முதல் வேலை, பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதுதான். பூட்டிய கதவுக்கு மஞ்சள் குங்குமம் வேறு வைப்பார்.

"வாசல் தெளிக்காத எடத்துல யாவாரம் வெச்சா வெளங்குமா?" என்பார்.

"அப்பிடியே என் வாசல்லயும் ரெண்டு புள்ளி வெச்சிட்டுப் போறது," என்று ஒருநாள் கேலியாகச் சொன்னேன்.

"நல்லாச் சொன்னீங்க கண்டக்டரே! பொண்டாட்டி இல்லாத ஆம்பள வூட்டு வாசல்ல நான் கோலம் போட்டா ஊரு சும்மா இருக்குமா? நீங்களே போடுங்க. கையி இன்னா தேஞ்சா பூடும்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தம்மாவோடு நான் பேசியது மொத்தமே இந்த மாதிரி ஒன்றிரண்டு வார்த்தைகள்தான். ஆனால் பின்கட்டில் படுத்திருக்கும்போது விடியற்காலையில் அடுப்பு பற்ற வைக்கிற சத்தம், இட்லித் தட்டு உரசுகிற சத்தம், "சட்னி வெச்சிக்கோ நைனா" என்கிற குரல் எல்லாம் அந்தச் சுவர் வழியாக வரும். அது வந்தால் எனக்குப் பொழுது விடிந்தது என்று அர்த்தம்.

என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அப்பா, அந்த வூட்டைத் தலையச் சுத்தி வுட்டெறிஞ்சிட்டு இங்க வந்துடுங்க. ஒருநாள் சுவரு மேல வுழுந்து செத்தாக்கூட எங்களுக்குத் தெரியாது." நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த அடுக்குமாடி வீட்டில் எனக்கு ஹாலில் சோபாதான் படுக்கை. மாப்பிள்ளை டிவி பார்த்து முடிக்கிற வரையில் தூக்கத்தை அடக்கிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை. சுவர் நின்றால் நான் இங்கே இருக்கலாம். விழுந்தால் அந்தச் சோபாதான்.

ஆவணி மாதம் ஒரு மனு எழுதிக்கொண்டு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். பக்கத்து வீடு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது, எந்த நேரமும் இடிந்து விழும், மழைக்கு முன்னால் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அங்கே இருந்த கிளார்க் புதிதாக மாற்றலாகி வந்தவர். இரண்டு ஊராட்சிக்கு ஒரே ஆள். ஒரு போனில் பேசிக்கொண்டே இன்னொரு போனில் குடிதண்ணீர் மோட்டார் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெச்சிட்டுப் போங்க சார், பாக்கறேன்," என்றார்.

பார்க்கவில்லை. மறு வாரம் போனேன், தலைவர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த வாரம் கிளார்க் அந்த இன்னொரு ஊரில் இருந்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்று இன்னொன்று கொடுத்துவிட்டு வந்தேன். சபாஷ் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். செல்போனில் செய்தி வந்தது: உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய அலுவலர் உத்திரமேரூர் யூனியன் ஆபீஸுக்கு அனுப்பினார். அவர்கள் எங்கள் ஊராட்சிக்கு அனுப்பினார்கள். போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோடு என்கிற கதையாக அது அதே கிளார்க் மேஜைக்கே வந்து உட்கார்ந்தது.

ஆனாலும் மேலிடத்திலிருந்து வந்த காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கிளார்க் என்னை உட்காரச் சொன்னார். "நேர்ல வந்து பாத்து நோட்டீஸ் வுடுவோம் சார். ஓனர் இல்லைன்னா கதவுல ஒட்டிட்டு, தெருக்காரங்க ரெண்டு பேராண்ட சாட்சி கையெழுத்து வாங்குவோம். கெடுவுக்குள்ள அவங்க எறக்கலைன்னா நாங்க எறக்கிட்டு, செலவ வூட்டு வரியோட சேத்துடுவோம்."

"எப்ப வருவீங்க?"

"வருவோம் சார்."

வருவார்கள் என்று தினமும் காத்திருந்தேன். சட்டை போட்டுக்கொண்டே காத்திருந்தேன். ஒருவர் வருவார் என்று காத்திருப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுக்க நல்ல டம்ளராக ஒன்றைத் தேய்த்துக்கூட வைத்தேன்.

நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். மத்தியானம் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு பஸ் இறங்கி, வழக்கம் போலக் கொல்லைப் பக்கம் திரும்பாமல், ஏதோ நினைப்பில் தெரு வழியாக வந்தேன். என் முன்கதவில் வெள்ளையாக ஒரு காகிதம். மைதாப் பசை இன்னும் காயவில்லை. கண் மங்கலாக இருந்ததால் மூக்கை ஒட்டவைத்துப் படித்தேன்.

மேற்படி வீடு நீண்ட காலமாக ஆள் குடியிருப்பின்றிப் பூட்டப்பட்டு, சுவர் சாய்ந்து, அக்கம்பக்கத்தாரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பதாக வந்த புகாரின் பேரில், இதன் உரிமையாளர் உடனே இடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

புகார் கொடுத்தவன் நான். அக்கம்பக்கத்தார் என்பதும் நான்தான். என்னால் எனக்கு ஆபத்து, அதனால் என்னை இடித்துத் தள்ளச் சொல்லிவிட்டார்கள். சிரிப்புத்தான் வந்தது முதலில். நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் சிரித்தேன். அப்புறம் அந்த வரியை மறுபடி படித்தேன். நீண்ட காலமாக ஆள் குடியிருப்பின்றி. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் தனியாள் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்ததுதான். அதை முத்திரை குத்திக் கதவில் ஒட்டுவார்கள் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கிறதற்கு முன்னால் போய் நின்றேன். கிளார்க் வண்டியை ஸ்டாண்டு போடுகிற வரையில்கூடப் பொறுக்கவில்லை.

"யோவ், நான் உசுரோட கீறேன்யா! என் வூட்டுல ஒட்டிக்கினு வந்துகீறியே!"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. "சார், சார், கோச்சுக்காதீங்க. மனுவுல பக்கத்து வூடு ஆள் இல்லாம பூட்டிக் கெடக்குதுன்னு எயுதியிருந்தீங்க. நான் வந்து பாத்தேன். ஒரு வாசல்ல கோலம் கீது, குங்குமம் கீது, பாத்திரம் கழுவிக் கவுத்திருக்குது. சரி, பூட்டிட்டு எங்கியோ வெளிய போயிருக்காரு, மனு குடுத்தவரு வூடு இதான்னு வெச்சிக்கினேன். பக்கத்துல பாத்தா சருகு, பூட்டு, சுவரு தொப்பை வுட்டுக்கினு நிக்கிது. யார் பாத்தாலும் அதான சார் நெனைப்பாங்க?"

நியாயம்தானே. கோலம் இருக்கிற வாசலைப் பார்த்து யார்தான் அது பாழ் வீடு என்று நினைப்பார்கள்? கோபத்தோடு வந்தவன் கோபத்தை வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

"சரி, ஒரு தபா ஆளக் கூப்ட்டுப் பாக்கறது?"

"தட்டினேன் சார். எதுத்த வூட்டுப் பொண்ணாண்ட கேட்டேன். அங்க யாரும் இல்லைன்னாங்க. கையெழுத்தும் போட்டுட்டாங்க. இன்னொண்ணு பாய் கடைல வாங்கனேன்."

எதிர் வீட்டுப் பெண் குடிவந்து இரண்டு பொங்கல் ஆகிறது. பாயிடம் தினமும் பால் வாங்குகிறேன்.

"இத்த மொதல்ல ரத்து பண்ணு. அப்புறம் அந்த வூட்டுல ஒட்டு. ஐப்பசி வந்துடும், சுவரு தாங்காது."

அவர் தலையைச் சொறிந்தார். "அங்கதான் சார் பேஜாரு. இது கலெக்டர் மனு. ஒட்டினேன்னு போட்டோவோட மேல அனுப்பிட்டேன். ஆளில்லாத வூடுன்னு ரெண்டு தெருக்காரங்க கையெழுத்து கீது. அத்த ரத்து பண்ணணும்னா, இந்த வூட்டுல இவரு குடியிருக்காருன்னு ரெண்டு தெருக்காரங்க வந்து சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

"ஆதார் கீது. ரேசன் கார்டு கீது. கரண்டு பில்லு கீது."

"வூடு உங்களுதுன்னுதான் சார் அதெல்லாம் சொல்லும். நீங்க உள்ள கீறீங்கன்னு தெருதான் சொல்லணும்."

தெரு சொல்ல வேண்டுமாம்! பஸ்ஸில் எத்தனை ஆயிரம் முகத்துக்கு டிக்கெட் கிழித்தவன் நான். எந்த ஆள் எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று கேட்காமலே கிழித்துக் கொடுத்தவன். அப்பேர்ப்பட்டவன் இந்த உலகத்தில் இருக்கிறான் என்று சொல்ல இரண்டு ஆள் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் பாய் கடை. போனதும் போகாததுமாக, "இன்னா பாய், நான் செத்துட்டனா?" என்றேன்.

அவர் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அல்லா! பூட்டிக் கெடக்குற வூடுன்னு சொல்லி நீட்டினாரு, உங்க பக்கத்து வூடுன்னு நெனச்சி போட்டுட்டேன். கடைல கூட்டம். மன்னிச்சுக்கோங்க கண்டக்டரே." ஆபீசுக்கு உடனே வருவதாகச் சொன்னார். பாய் மனசில் ஒன்றுமில்லை. எனக்கும் அவர்மேல் வருத்தமில்லை.

எதிர் வீட்டில் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் பாதிக் கதவைத் திறந்து, யாரோ வசூலுக்கு வந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எதிர் வீடு என்றேன். "அந்த வூட்லயா சார்? நான் ஒருநாள்கூட லைட்டு எரிஞ்சி பாத்ததில்லியே," என்றாள். நான் பின்கட்டில் இருப்பதைச் சொன்னேன். தப்பாக நினைக்க வேண்டாம், ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டேன், மாற்றிப் போட்டால் ஏதாவது வம்பு வரும், வீட்டுக்காரரைக் கேட்காமல் முடியாது என்றாள். அவள் சொல்வதும் சரிதான். பார்த்தே அறியாத ஆளுக்கு எப்படிச் சாட்சி சொல்வாள்?

அதற்கு மேல் நாலு வீடு பூட்டு. ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள். தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசி வீட்டில் ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்து, "கூரியரா?" என்று கேட்டான். திரும்பி வந்தேன். தெரு மொத்தமும் நடந்தாயிற்று.

மிச்சம் இருந்தது இட்லிக்கார அம்மா. அவரிடம் எந்த வாயோடு கேட்பேன்? நான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டால், நோட்டீஸ் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த வீட்டை இடித்தால் அவர் கடை போகும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் மாலை வானம் ஏரிக்கு மேல் கறுத்து, ஒரு தூறல் போட்டு நின்றது. கூடத்துச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருந்தது.

மறுநாள் வியாபாரம் முடிந்து அவர் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"எம்மா, அந்த மனு போட்டது நான்தான்."

"தெரியும். சுவத்துலேந்து மண்ணு வந்து சாம்பார்ல வுழுவுது. நீங்க போடாம வேற யாரு போடுவாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் போட்டா என் அடுப்பு போயிடும்."

"ஆமாம்மா."

"போடலைன்னா?"

"என் வூடு போயிடும்."

"அப்ப போயி வேற ஆளப் பாருங்க கண்டக்டரே. என்னாண்ட ஏன் வரீங்க?" குரலில் கோபம் இருந்தது. இருக்காதா பின்னே.

"பாத்துட்டேன். வேற ஆள் இல்ல," என்றேன். அவமானமாக இருந்தது. சோறு கேட்டுக் கை நீட்டினால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெருவை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரையில் ஒருமுறை பார்த்தார். "இத்தினி நீளத் தெருவுல நீங்க கீறீங்கன்னு சொல்ல ஒரு நாதி இல்லியா?" என்று கேட்டார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

ஆபீசில் பாய் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். கிளார்க் அந்தம்மாவைப் பார்த்து, "இவரு அங்க குடியிருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"தெரியாம? நான் வந்து அடுப்பு பத்த வெச்ச கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுவத்துக்கு அந்தாண்ட இருமுவாரு. அப்பறம் பல்லு வெளக்கி காறிக் காறித் துப்புவாரு, கஷ்டகாலம். அப்பறம் ரேடியோ. போன வருசம் மயையில நாலு நாளு இருமல் கேக்கல. பாய் கடைல போயி கேட்டேன், மக வூட்டுக்குப் போயிருக்காருன்னாங்க. அப்பறம்தான் மனசு ஆறுச்சு. ஆளு கீறாரு சார். நல்லாவே கீறாரு. எயுதிக்கோங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி, பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

அப்புறம் வேலை நடந்தது. நோட்டீஸ் சரியான கதவில் ஏறியது. சென்னையிலிருந்து மூன்று பிள்ளைகளில் ஒருவன் வந்து பார்த்து, "எறக்கிக்குங்க, எங்களுக்கும் அதான் நல்லது," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஐப்பசி பிறந்து முதல் பெருமழைக்கு முன்னால் ஜேசிபி வந்தது. மரத்தை வெட்டி, விட்டத்தை இறக்கி, அந்தப் பக்கத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். கொத்தனாரை வைத்து என் சுவருக்கு முட்டுத்தூண் கட்டினேன். வாசல்காலை நிமிர்த்தினேன். முன்கதவு திறந்து மூடியது. செல்போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் மனு ஏற்கப்பட்டது. மகள், "பரவால்லியேப்பா, கவருமெண்ட்டே உங்க பேச்ச கேக்குது," என்றாள்.

ஜேசிபி வருவதற்கு முந்தின நாளே அந்தம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார். போகும்போது கோலமாவு டப்பாவை என் வாசல் படியில் வைத்தார். "வெச்சிக்கோங்க. வெறும் வாசலா வுட்டா மறுபடி எவனாச்சும் ஒட்டிட்டுப் போயிடுவான். இன்னொரு தபா சாட்சிக்கு நான் வர மாட்டேன்." அது கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முழுக்கச் சுவர் அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் பொழுது விடிவதே தெரியவில்லை. படுத்துக்கொண்டே கேட்பேன், மழை பெய்கிற சத்தம் மட்டும் இருக்கும். இருமுவேன். இருமிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். அந்தப் பக்கம் காலிமனை. பஸ் ஸ்டாப் ஒன்றும் தூரமில்லை, நடந்து போய் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். போகவில்லை. அங்கே வெயிலுக்கும் மழைக்கும் ஒரு தார்ப்பாய்தான் என்று பாய் சொன்னார். அந்தம்மா பிழைப்பை வெயிலில் நிறுத்தியவன் போய் எப்படிச் சட்னி கேட்பது?

கோலம் மட்டும் போட ஆரம்பித்தேன். சிரிக்க வேண்டாம். முன்கதவைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் தெளித்து, குந்த முடியாமல் குந்தி, எனக்குத் தெரிந்த ஒரே கோலத்தை இழுப்பேன். அது நட்சத்திரம் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு நண்டு மாதிரி இருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள். எதிர் வீட்டுப் பெண் ஒருநாள் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள், சத்தம் கேட்டது. பரவாயில்லை. இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மார்கழி முடிகிற சமயம், ஒரு காலையில் நான் அந்த நண்டைப் போட்டு முடிக்கும்போது தூக்குச்சட்டியோடு ஒருவர் வந்து நின்றார். வெளியூருக்குப் போய் ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறார் போல. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏரிக்கரை ஸ்டாப்பில் ஏறுவார், சாலவாக்கத்தில் இறங்குவார். சில்லறையே கொண்டுவர மாட்டார். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

"ரெண்டு செட்டு இட்லி கட்டுங்க," என்று சட்டியை நீட்டினார்.

"இட்லியா?"

"கோலத்த பாத்துட்டு கடை இங்க மாறிடுச்சின்னு நெனச்சேன். அந்தம்மா இல்லியா?"

"பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க."

"அப்ப நீங்க?"

"நான் இங்க குடியிருக்கேன்."

"அப்பிடியா? எப்பலேந்து? வருசக்கணக்கா இங்க நாஷ்டா துண்ணுறேன், உங்களைப் பாத்ததே இல்லியே," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னார். சட்டியை வீசிக்கொண்டு நடந்துவிட்டார்.

மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்றேன். இரண்டு பேர் சாட்சி சொல்லி, சுவர் கட்டி, கோலமும் போட்டாயிற்று. இன்னும் நான் இல்லை. அவர் முதுகு தெருக்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோடு திரும்பினால் மறைந்துவிடும். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தேன்.

"ஹோல்டான்!"

அந்த ஆள் பிரேக் போட்ட மாதிரி நின்றார். ஒரு கை தானாக மேலே போய், இல்லாத கம்பியைப் பிடிக்கப் பார்த்தது. திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். தெருவில் இரண்டு கதவு திறந்தது.

"அட, நம்ம சாலவாக்கம் வண்டி கண்டக்டரு!" என்று அங்கிருந்தே கத்தினார். "நைனா, நீயா! யூனிபாரம் இல்லாம அடையாளமே தெரியல. நீ இங்கியா கீற?"

"இங்கதான் கீறேன். இரு, நானும் வரேன். இட்லி துண்ணணும்."

"வா வா. சில்லறை நீ வெச்சிருக்கியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பூட்டைக் கையில் எடுத்தேன். அப்புறம் அதை உள்ளேயே வைத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு அவரோடு நடந்தேன்.